நாற்பது வேலைகளைக் காட்டினால் ஒன்றும் மனதில் நிற்காது

கேள்வி: கிராஃபிக் டிசைனர் வேலை தேடுகிறேன். இதுவரை செய்த நாற்பது டிசைன்களையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறேன். ஓரிடத்திலிருந்தும் அழைப்பு இல்லை. ஏன்?

பதில்: முதலில் அந்த நாற்பதைக் குறையுங்கள். நடுவில் சுமாரான வேலை இரண்டு இருந்தால், பார்ப்பவர் அவற்றை வைத்தே உங்களை எடைபோட்டுவிடுவார். விண்ணப்பிக்கும் பணிக்கு நெருக்கமான ஐந்தாறு போதும். ஆகச் சிறந்தது முதலில், அதற்கு அடுத்தது கடைசியில்.

வெறும் படங்களாக அடுக்குவதும் பலர் செய்யும் தவறு. ஒவ்வொன்றின் கீழும் நான்கைந்து வரி எழுதுங்கள்: வாடிக்கையாளர் என்ன கேட்டார், என்ன நெருக்கடி இருந்தது (இரண்டு நிறத்தில்தான் அச்சிட முடியும், மூன்றே நாள் கெடு என்பது போல), நீங்கள் எதை ஏன் தேர்ந்தீர்கள், முடிவில் என்ன ஆனது. ஒதுக்கிவிட்ட ஒரு வரைவையும் ஏன் ஒதுக்கினீர்கள் என்பதோடு சேர்த்தால், உங்கள் யோசனை போன வழி தெரியும். குழுவாகச் செய்த வேலையென்றால் உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள்: 'லோகோ என்னுடையது, படங்கள் வேறொருவர் எடுத்தவை.' நேர்காணலில் எப்படியும் கேட்பார்கள்.

ஃபைலையும் கவனியுங்கள். ஜிமெயிலில் 25 எம்பி வரை இணைக்கலாம். ஆனால் பெறுபவரின் சர்வர் அதைவிடக் குறைவாகவே அனுமதிக்கக்கூடும். 5 எம்பிக்குள் முடிப்பது நல்லது. அச்சுக்குத் தயாரித்த படங்களை அப்படியே வைப்பதால்தான் ஃபைல் வீங்குகிறது. திரையில் பார்க்க 1,600 பிக்சல் அகலம் தாராளம். சிஎம்ஒய்கே (அச்சுக்கான நிறமுறை) படங்களை ஆர்ஜிபிக்கு (திரைக்கான நிறமுறை) மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் சில திரைகளில் நிறம் மாறித் தெரியும். எழுத்துருக்களை பிடிஎஃப்புக்குள்ளேயே பதியுங்கள். ஃபைலுக்கு உங்கள் பெயரும் பணியின் பெயரும் போதும். 'ஃபைனல் நியூ 3' வேண்டாமே!

கேள்வி: என் நல்ல வேலைகள் எல்லாம் நிறுவனத்தின் ரகசியம் காக்கும் ஒப்பந்தத்துக்குள் வருகின்றன. பெயரை மறைத்துக் காட்டலாமா?

பதில்: பெயரை மறைத்தால் மட்டும் போதாது. நிறம், திரை அமைப்பு, எண்கள் ஆகியவற்றை வைத்தே யாருடையது என்று கண்டுபிடித்துவிடலாம். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, எழுத்தில் அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் அதே வகைச் சிக்கலுக்குக் கற்பனை நிறுவனம் ஒன்றை வைத்துப் புதிதாக ஒரு மாதிரி செய்து, 'பயிற்சிக்காகச் செய்தது' என்று குறிப்பிடுங்கள். இன்னொருவரின் ரகசியத்தைத் தாராளமாகக் காட்டுபவரிடம் தன் ரகசியத்தை ஒப்படைக்க எந்த முதலாளியும் தயங்குவார்.

கேள்வி: கூகுள் டிரைவ் லிங்க் அனுப்பினேன். 'திறக்கவில்லை' என்கிறார்கள். எனக்கு மட்டும் திறக்கிறதே?

பதில்: உங்கள் கணக்கில் நீங்கள் நுழைந்திருப்பதால் திறக்கிறது. பகிர்வு அமைப்பில் 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று மாற்றுங்கள். திருத்தும் உரிமை தர வேண்டாம். பிறகு பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் (அதில் உங்கள் கணக்கு நுழைந்திருக்காது) ஒருமுறை, வேறொருவர் கைபேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள். ஃபைலை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் பழைய லிங்க் செத்துவிடும். 'பதிப்புகளை நிர்வகி' என்ற வசதி வழியாகப் புதிய பதிப்பை ஏற்றினால் லிங்க் மாறாது.