முழங்கால் எக்ஸ்ரேயில் வெள்ளைக் கோடுகள்

கேள்வி: பிறவியிலேயே எலும்பு எளிதில் முறியும் நோயுள்ள எனது 7 வயது மகனுக்கு, 3 மாதங்களுக்கு ஒரு தடவை கொழும்பில் பாமிட்ரோனேட் மருந்து ஏற்றுகிறோம். சென்ற வாரம் முற்றத்தில் விழுந்ததால் திருகோணமலையில் எடுத்த எக்ஸ்ரேயில், இரு முழங்கால்களைச் சுற்றியும் வெள்ளைக் கோடுகள் வரிசையாகத் தெரிகின்றன. அவை பழைய வெடிப்புகள் என்கிறார் உறவினர் ஒருவர். மருந்தை நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், நிலாவெளி

பதில்: நிறுத்த வேண்டாம், அம்மா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவை மருந்து ஏற்றிய தவணைகளின் தடங்களே. பிள்ளைகளின் நீண்ட எலும்புகள் முனையருகேயுள்ள வளர்ச்சித் தட்டிலிருந்தே வளர்கின்றன. அங்கே முதலில் உருவாகும் சுண்ணாம்பேறிய குருத்தெலும்பை எலும்பரிக்கும் கலங்கள் கரைத்து அகற்ற, அவ்விடத்தில் முறையான எலும்பு அமைகிறது. பாமிட்ரோனேட் அக்கலங்களை அடக்குவதால், மருந்து ஏறிய வேளையில் தட்டை ஒட்டியிருந்த படை கரையாமல் அடர்த்தியாகத் தங்கிவிடுகிறது; அடுத்த தவணைக்குள் எலும்பு வளர்ந்து அதனை அப்பால் தள்ள, புதிய கோடொன்று விழுகிறது. கதிரியக்க வைத்தியர்கள் இவற்றை வரிக்குதிரைக் கோடுகள் என்பர்.

தொடையெலும்பின் கீழ்முனை இவ்வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வளரக்கூடியது. இந்நோயுள்ள பிள்ளைகளில் அது குறையலாம். ஆகவே இரு கோடுகளுக்கிடையே சில மில்லிமீற்றர் இடைவெளியே இருக்கும். மெதுவாக வளரும் கணுக்காற் பக்கத்தில் அவை இன்னும் நெருங்கியிருக்கும். பழைய கோடுகள் காலப்போக்கில் மங்குவதால், ஏற்றிய தவணைகளின் எண்ணிக்கையும் படத்திலுள்ள எண்ணிக்கையும் ஒத்துவர வேண்டியதில்லை. கோடு அழுத்தமாகத் தெரிகிறது என்பதற்காக எலும்பு அந்த அளவுக்கு உறுதியாகிவிட்டதென்றும் கொள்ளலாகாது.

இக்கோடுகள் வளர்ச்சித் தட்டுக்குச் சமாந்தரமாக, இரு கால்களிலும் ஒரேவிதமாக அமையும். புதிய முறிவோ பெரும்பாலும் கரிய கோடாக, எலும்பின் வெளிவிளிம்பைக் குலைத்துத் தெரியும். ஆயினும் கடும் நோயிலிருந்து மீண்ட பிள்ளைகளிலும், ஈயம் உடலில் சேர்ந்த பிள்ளைகளிலும் வெள்ளைக் கோடுகள் தோன்றுவதுண்டு. மருந்தின் பெயரையும் ஏற்றிய திகதிகளையும் அறியாத வைத்தியர் குழம்ப இடமுண்டு என்பதால், கொழும்பு கிளினிக் கொப்பியை இங்கு எக்ஸ்ரே எடுக்கும்போதும் கொண்டு செல்லுங்கள்.

எத்தனை ஆண்டுகள் மருந்தைத் தொடர்வது என்பதை, முறிவுகள் குறைந்திருக்கின்றனவா, எலும்பின் அடர்த்தி எப்படியுள்ளது என்பவற்றைப் பார்த்து அந்தக் கிளினிக்கே தீர்மானிக்கும். விழுந்த காலில் மகனுக்கு இன்னும் நோவோ வீக்கமோ இருந்தால், அல்லது அவர் காலூன்ற மறுத்தால், உடனே மீண்டும் காட்டுங்கள். சிறு வெடிப்பு முதற் படத்தில் தெரியாமலும் போகலாம்.