சூரியக் குடும்ப மாதிரியில் கோள்களுக்கு இடையிலான தூரத்தை எவ்வாறு கணக்கிடுவது?

ஒரு கோளிலிருந்து அடுத்த கோளுக்கு என்று தொடர்ச்சியாக அளந்துகொண்டு போகாமல், ஒவ்வொரு கோளின் தூரத்தையும் சூரியனிலிருந்தே கணக்கிடுங்கள். தொடர்ச்சியாக அளந்தால் ஒவ்வோர் அளவிலும் நேரும் சிறு பிழை அடுத்ததோடு சேர்ந்துவிடும் என்பதுடன், இரு கோள்களுக்கு இடையே நிலையான தூரம் என்று ஒன்று இல்லவே இல்லை.

முதலில் அளவுத்திட்டத்தை முடிவு செய்ய வேண்டும். சூரியனின் விட்டம் ஏறத்தாழ 13,92,000 கிலோமீட்டர். அதை மாதிரியில் 1 மீட்டராகக் கொண்டால், உண்மைத் தூரத்தை 13,92,000 ஆல் வகுத்துக் கிடைப்பதே மீட்டர் கணக்கில் மாதிரித் தூரம். பூமி சூரியனிலிருந்து சராசரியாக 14.96 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், 9 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு மணியாக 107.5 மீட்டரில் வந்து அமரும். சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான சராசரித் தூரத்தை வானியல் அலகு என்பார்கள்; இந்த 107.5 மீட்டர்தான் உங்கள் மாதிரியின் வானியல் அலகு. மற்றக் கோள்களுக்கு வானியல் அலகில் உள்ள தூரத்தை இதனால் பெருக்கினால் போதும்: புதன் (0.39) 42 மீட்டர், செவ்வாய் (1.52) 164 மீட்டர், வியாழன் (5.2) 559 மீட்டர், நெப்டியூன் (30.07) சுமார் 3.2 கிலோமீட்டர்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். 164இலிருந்து 107.5ஐக் கழித்தால் வரும் சுமார் 56 மீட்டர், பூமியும் செவ்வாயும் சூரியனின் ஒரே பக்கத்தில் ஒரே கோட்டில் நிற்கும்போது மட்டுமே பொருந்தும். எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றால் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்ட வேண்டும் என்பதால் அது சுமார் 271 மீட்டராகிவிடும். இடைப்பட்ட நிலைகளுக்குப் பள்ளியில் படித்த கோசைன் விதியே கைகொடுக்கும்: இரு தூரங்களின் வர்க்கங்களைக் கூட்டி, அவற்றின் பெருக்கலின் இரு மடங்கைச் சூரியனில் அமையும் கோணத்தின் கோசைனால் பெருக்கிக் கழித்து, வர்க்கமூலம் காண வேண்டும். கோணம் 90 பாகை எனில் விடை 196 மீட்டர்.

இவை யாவும் சுற்றுப்பாதைகளை வட்டமாகக் கொண்ட கணக்கு. புதனின் பாதை நன்றாகவே நீண்ட நீள்வட்டம். நம் மாதிரியில் அது 33 மீட்டருக்கும் 50 மீட்டருக்கும் இடையே நகரும்.

இடம் போதாதென்று கோள்களின் அளவுக்கு ஒரு திட்டமும் தூரத்துக்கு வேறொரு திட்டமும் பயன்படுத்துவோர் உண்டு. வெற்றிடத்தின் பரப்பை உணர்த்துவதே இத்தகைய மாதிரியின் உயிர் என்பதால், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சூரியனை 10 சென்டிமீட்டராகச் சுருக்கினால் நெப்டியூன் 323 மீட்டருக்கு வந்துவிடும். பூமி 1 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான புள்ளியாக இருக்கும், ஆனால் விகிதம் எங்கும் பிசகாது.