ஜெபம் முடியவே மாட்டேன் என்கிறது

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 33 வயது. தஞ்சாவூர்ப் பக்கம். தலைமுறை தலைமுறையாக லுத்தரன் சபைக் குடும்பம்.

மூன்று வருஷத்துக்கு முன் மாமியார் படுக்கையில் விழுந்தார்கள். எட்டு மாதம் நான்தான் பார்த்தேன். ஒரு ராத்திரி நாலாவது தடவையாக விரிப்பு மாற்றும்போது, "இவங்க சீக்கிரம் போய்ச் சேர்ந்தா தேவலை" என்று மனசுக்குள் ஓடியது. வாய் திறந்து சொல்லவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்கள்.

அதிலிருந்து ஜெபத்துக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. "மன்னியும் ஆண்டவரே" என்று சொல்லும்போது மனம் வேறெங்காவது போய்விட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். சில சமயம் ஆண்டவரைப் பற்றியே எழுதக் கூசும் நினைப்பு வரும். மறுபடி முதலிலிருந்து. பத்து மணிக்கு முழங்கால் போட்டால் சில நாள் ஒன்றரை ஆகிவிடும். போன வாரம் என் ஆறு வயது மகள் தூக்கத்தில் எழுந்து வந்து, "அம்மா, ஏசப்பாவுக்குக் காது கேக்காதா?" என்றாள்.

சபையில் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. "அபாத்திரமாய்", அதாவது தகுதியில்லாமல், புசிப்பவன் என்ற வசனம் பயமுறுத்துகிறது. வரிசை பீடத்துக்கு நகரும்போது குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் வெளியே வந்துவிடுவேன். எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் நாலைந்து முறை கேட்டுவிட்டேன். "கிருபை போதும்மா" என்கிறார். வீடு வரும்வரை நிம்மதி. வாசல் கேட்டைத் திறக்கும்போதே, "எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேனா?" என்று ஆரம்பித்துவிடும். எனக்கு மட்டும் கிருபை கிடையாதா?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். ஐயர் அத்தனை முறை சொல்லிவிட்டார். நானும் சொன்னால் அதுவும் உங்கள் வாசல் கேட் வரைதான் வரும்.

நீங்கள் எழுதியிருப்பது எனக்கு விசுவாசக் குறைவாகத் தெரியவில்லை. ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய் போலத் தெரிகிறது. கடிதத்தை வைத்து உறுதியாகச் சொல்லக் கூடாது, நேரில் பார்க்கிற மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கை சுத்தமாகிவிட்டதா என்று ஐம்பது தடவை கழுவுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நீங்கள் மனசாட்சியைக் கழுவுகிறீர்கள், சோப்புக்குப் பதில் ஜெபம். ஒவ்வொரு தடவை கழுவும்போதும், "அப்படியென்றால் அழுக்கு இருந்திருக்கிறது" என்று மூளை கற்றுக்கொள்கிறது. கெட்ட நினைப்பும் அப்படித்தான், காவல் போடப் போட அதிகமாக வரும். ஆண்டவரை லட்சியம் பண்ணாதவருக்கு அவரைப் பற்றி அப்படி நினைப்பு வந்தால் தூக்கம் கெடுமா?

இது புதுசும் இல்லை. லத்தீனில் 'ஸ்க்ரூபுலுஸ்' என்றால் கூரான சின்னக் கல். இந்த மனசாட்சித் தொல்லைக்கு மேலைச் சபைகள் வைத்த பெயர் அதிலிருந்து வந்ததுதான். செருப்புக்குள் கல் விழுந்த மாதிரி, நடக்க நடக்கக் குத்தும். உங்கள் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தரையே எடுங்கள். 1505-இல் எர்ஃபுர்ட் மடத்தில் சேர்ந்தவர், மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்வார். விட்டுப்போனது ஒன்று ஞாபகம் வந்தால் திரும்பப் போய் நிற்பார். கேட்டுக் கேட்டு அவருடைய மூத்தவர் ஸ்டாபிட்ஸ் அலுத்தே போனார். லுத்தருக்கும் ஓசிடி என்று நான் முத்திரை குத்த வரவில்லை. ஆனால் அதே ஆள் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தைத் திடப்படுத்தல் வகுப்பில் படித்திருப்பீர்களே, திருவிருந்துக்கு யார் பாத்திரர் என்ற கேள்விக்கு அதில் என்ன பதில்? உபவாசமும் சரீர ஆயத்தமும் நல்ல பழக்கம்தான், ஆனால் "உங்களுக்காக" என்ற வார்த்தையை நம்புகிறவரே பாத்திரர். மனம் அலையாமல் ஜெபித்தவர் என்று அங்கே இல்லை.

அந்த "அபாத்திரமாய்" வசனத்துக்கும் ஒரே ஒரு முறை வருகிறேன். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். அந்த வசனத்தை எழுதிய பவுல் அப்போஸ்தலர் கண்டிப்பது அதை. அடுத்த வசனத்தில் தன்னைச் சோதித்தறிந்து, புசிக்கத்தான் சொல்கிறார். சோதித்துவிட்டுத் தண்ணீர் கொடுக்க வெளியே போகச் சொல்லவில்லை.

மாமியார் விஷயம். நினைப்பு யாரையும் கொல்லாது. எட்டு மாதமாகப் படுத்திருந்தவரை அவருடைய நோய் கொண்டுபோனது. தூக்கமில்லாத உடம்புதான் அன்றைக்கு அப்படி முனகியது. அந்த ராத்திரி விரிப்பை மாற்றினீர்களா இல்லையா?

சரி, செய்ய வேண்டியது. முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். வாழ்ந்து என்ன பயன் என்று எப்போதாவது தோன்றினால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் பேசுங்கள். மருந்து கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், பாதியில் நிறுத்தாதீர்கள். மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவர் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் பயிற்சி. ராத்திரிக்கு ஒரு ஜெபம், ஒரே தடவை. மனம் அலைந்தாலும், அசிங்கமான நினைப்பு குறுக்கே வந்தாலும், ஆமென் சொல்லி விளக்கை அணைத்துவிட வேண்டும். பதற்றம் ஏறும். அதைத் தணிக்க எதுவும் செய்யாமல் படுத்திருந்தால் தானே இறங்கும். மனநல ஆலோசகர் பக்கத்தில் இருந்து படிப்படியாகப் பழக்குவார். கிருபையை நம்புவது என்பது இப்போதைக்கு உங்களுக்கு ஜெபத்தை அரைகுறையாக விட்டுவிட்டுத் தூங்குவதுதான். வேடிக்கையாக இருக்கிறதா? இரண்டு வருஷமாக நீங்கள் செய்யாதது அது ஒன்றைத்தான்.

ஐயரிடமும் உங்கள் கணவரிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். இனி "எனக்கு மன்னிப்பு உண்டா?" என்று கேட்டால் அவர்கள் பதில் சொல்லக் கூடாது. கல்நெஞ்சம் என்று அவர்களைத் திட்டாதீர்கள். திருவிருந்துக்கும் பயம் போன பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம், பயத்தோடேயே வரிசையில் நில்லுங்கள்.

மகளுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. இன்னொரு ராத்திரி அவள் எழுந்து வந்தால், "கேக்கும்டா" என்று சொல்லிவிட்டு, ஜெபம் எந்த இடத்தில் நின்றிருந்தாலும் சரி, எழுந்து அவளோடு போய்ப் படுத்துக்கொள்ளுங்கள்.