எல்லாரும் ஒரே மாதிரி குனிய வேண்டுமா?

கேள்வி: எங்கள் யோகா குழுவில் பல வயதினர் இருக்கிறார்கள். கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தாசனத்தில் சிலருக்குக் கை முழங்காலைத் தாண்டவே இல்லை. எல்லாரையும் பாதம் தொட வைப்பது எப்படி?

பதில்: தொட வைக்கவே வேண்டாம். தொடையின் பின்தசை இறுகியிருந்தால் இடுப்பெலும்பு பின்னால் சாயும். அப்போது குனிவதெல்லாம் கீழ்முதுகில்தான், முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளில் அழுத்தம் ஏறும். கெட்டியாக மடித்த போர்வையை 10 செ.மீ. உயரத்துக்கு அடுக்கி, அதன் விளிம்பில் உட்காரச் சொல்லுங்கள். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு, பாதத்தைச் சுற்றி ஒரு பட்டை. மூச்சை விடும்போது இடுப்பிலிருந்து சாய்ந்து, 5 முதல் 8 மூச்சு நிற்கலாம். தொடை நடுவில் இழுத்தால் சரி. உட்காரும் எலும்பருகிலோ முழங்காலுக்குப் பின்னாலோ சுருக்கென்றால் அது தசைநாண் அல்லது நரம்பு. உடனே தளர்த்த வேண்டும்.

முதுகில் கை வைத்து அழுத்தும் பழக்கத்தை அடியோடு விடுங்கள், அதில் காயங்கள் வரலாம். தொடுவதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டு.

போர்வையை முடியாதவருக்கு மட்டும் நீட்டினால் அவர் கூசிப்போவார். வளைபவர் உட்பட எல்லாருக்கும் கொடுங்கள். வட்டு பிதுக்கம், எலும்பு மெலிவு (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ளவர்கள் குனியாமல், மல்லாந்து படுத்துப் பட்டையால் ஒரு காலை உயர்த்தட்டும்.