ஆஸ்பத்திரிக் கப்பலில் இரண்டு வருடம்: சீட்டில் வந்த கேள்விகளுக்குப் பதில்

மெர்சி ஷிப்ஸ் என்ற கிறிஸ்தவ அமைப்பின் 'ஆப்ரிக்கா மெர்சி' கப்பலில் 2016 முதல் 2018 வரை நானும் என் வீட்டுக்காரரும் ஊழியம் செய்தோம். நான் வார்டு நர்ஸ், அவர் எலக்ட்ரீஷியன். முதல் வருடம் பெனின் நாட்டின் கோட்டனூ துறைமுகம், அடுத்த வருடம் கேமரூனின் டுவாலா. போன மாதம் கோத்தகிரி சபையில் சாட்சி சொன்னபோது நிறையப் பேர் சீட்டில் கேள்வி எழுதிக் கொடுத்தீர்கள். அன்று நேரம் போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கேத்தி அண்ணன் ஒருவர்: நீங்கள் சொல்வது சென்னைக்கு வந்த புத்தகக் கப்பல்தானே?

இல்லை அண்ணா. நீங்கள் பார்த்தது லோகோஸ் அல்லது டூலோஸாக இருக்கும். அவை வேறு அமைப்பின் கப்பல்கள். மெர்சி ஷிப்ஸை 1978இல் டான் ஸ்டீஃபன்ஸ், டீயான் ஸ்டீஃபன்ஸ் தம்பதி தொடங்கினார்கள். எங்கள் கப்பல் முதலில் டென்மார்க்கில் ரயில் பெட்டிகளை ஏற்றிக் கடல் தாண்டிய படகு. தண்டவாளம் இருந்த தளத்தில்தான் இப்போது ஆஸ்பத்திரி. ஐந்து ஆபரேஷன் தியேட்டர், வார்டுகள், எக்ஸ்ரே, லேப் எல்லாம் அங்கேயே. 2007 முதல் இப்படி ஓடுகிறது.

குன்னூர் தங்கை: எந்நேரமும் கடலில் போய்க்கொண்டே இருப்பீர்களா? தலை சுற்றாதா?

வருடத்தில் ஏறக்குறைய பத்து மாதம் கப்பல் ஒரே துறைமுகத்தில் கயிறு போட்டு நிற்கும். நோயாளிகள் படியேறி உள்ளே வருவார்கள். கப்பல் நகரும்போது ஒரு நோயாளிகூட உள்ளே இருக்க மாட்டார். கட்டில், அலமாரி, மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் கட்டிவைத்துவிட்டுத்தான் கிளம்புவோம். 2017இல் பழுது பார்க்கக் கானரித் தீவுகளுக்குப் போனபோது எனக்கு மூன்று நாள் தலை தூக்க முடியவில்லை. ஊட்டி மலைப்பாதை வளைவிலேயே வாந்தி எடுப்பவள் நான். ஆனால் நான்காம் நாள் எழுந்து கஞ்சி குடித்தேன், அப்புறம் ஒன்றும் இல்லை.

அதே தங்கை: ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை ஷிஃப்ட் ஏழு மணிக்கு. முதலில் ஜெபம், பிறகு இரவு நர்ஸிடம் ரிப்போர்ட். பெனினில் பிரெஞ்சும் 'ஃபோன்' என்ற உள்ளூர் மொழியும் பேசுவார்கள், அதனால் மொழிபெயர்க்க உள்ளூர்ப் பிள்ளைகள் எங்களோடு வேலை செய்வார்கள். கட்டில்கள் மிக நெருக்கம். நோயாளியின் தாயோ தங்கையோ கட்டிலுக்கு அடியில் மெத்தை போட்டுப் படுப்பார். வெயில் படாத தளம் என்பதால் மத்தியானம் ஒரு மணி நேரம் எல்லோரையும் ஏழாவது தளத்துக்குக் காற்று வாங்கக் கூட்டிப்போவோம். கட்டுப் போட்ட முகங்களோடு குழந்தைகள் முச்சக்கர சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்தால் அது ஆஸ்பத்திரி என்பதே மறந்துபோகும்.

என் வீட்டுக்காரருக்கு வேலை கீழே எஞ்சின் பக்கம். கரண்ட் கப்பலின் சொந்த ஜெனரேட்டரில்தான். தியேட்டரில் வயிறு திறந்து கிடக்கும் நேரத்தில் விளக்கு அணையக் கூடாது என்ற பயம் அவருக்குத் தூக்கத்திலும் உண்டு. இரவு வாட்ச் முடித்து அவர் வரும்போது நான் கிளம்பிக்கொண்டிருப்பேன். கதவருகில் இரண்டு நிமிடம் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

அரவங்காட்டிலிருந்து, பெயர் எழுதாத ஒருவர்: புருஷன் பொண்டாட்டி சண்டை வந்தால்?

நல்ல கேள்வி. வரும். எங்கள் கேபின் இரண்டு எட்டு வைத்தால் முடிந்துவிடும், ஜன்னல் கிடையாது. கோபித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போக அடுத்த அறை இல்லை. கதவைத் திறந்தால் நானூறு பேர், முப்பது நாற்பது நாட்டவர், எல்லோரும் "ஹௌ ஆர் யூ" என்பார்கள். அவர் மேல் தளத்துக்குப் போய் நடப்பார், நான் துணி துவைக்கும் இடத்துக்குப் போவேன். முதல் மாதத்தில் அவரோடு நான் நான்கு நாள் பேசவில்லை. காரணம் சொன்னால் வெட்கமாக இருக்கும். அப்போது எங்கள் மேசையில் சாப்பிடும் வயதான தம்பதி ஒன்றும் கேட்காமல் எங்களுக்காக ஜெபித்தார்கள். அன்றிரவு நானே முதலில் பேசினேன்.

கேரி பார்க்கர் என்ற அமெரிக்க முகத்தாடை அறுவை டாக்டர் 1980களில் சில மாதம் உதவலாம் என்று இந்த அமைப்பின் கப்பலுக்கு வந்து, முப்பது வருடத்துக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டார். மனைவியைச் சந்தித்தது கப்பலில், பிள்ளைகளை வளர்த்ததும் கப்பலில். அவர்களைப் பார்த்த பிறகு நாங்கள் கேபினைக் குறை சொல்வதை விட்டோம்.

குளியல் இரண்டு நிமிடம்: நனை, குழாயை மூடு, சோப்புப் போடு, திற. கோடையில் குடத்தோடு காத்திருந்து பழகிய எனக்கு அது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. நம் டீத்தூள் தீர்ந்ததுதான் கஷ்டம்.

சம்பளம் எவ்வளவு? (மூன்று சீட்டுகள்)

சம்பளம் கிடையாது. அப்போது சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் மாதாமாதம் நாங்கள்தான் பணம் கட்டவேண்டியிருந்தது. டாக்டரும் கேப்டனும் அப்படித்தான். எங்களுக்குச் சபைக் காணிக்கையும், தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்யும் என் அண்ணி மாதம் தவறாமல் அனுப்பிய இருநூறு ரூபாயும் இருந்தன.

ஊட்டி ஆன்ட்டி ஒருவர்: மறக்க முடியாத நோயாளி?

நிறையப் பேர். தாடையில் கட்டி வந்தவர்களை முதலில் சொல்கிறேன். அது பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. நம் ஊரில் எலுமிச்சை அளவில் இருக்கும்போதே எடுத்துவிடுவார்கள். அங்கே டாக்டர் இல்லாததால் பலாக்காய் அளவு வளர்ந்து, வாயை அடைத்து, பட்டினியிலோ மூச்சு முட்டியோ ஆளைக் கொல்கிறது. வடக்கிலிருந்து வந்த ஒரு தம்பி முகத்தைத் துணியால் மூடிக்கொண்டே வந்தான். சூனியம் என்று ஊரில் ஒதுக்கிவிட்டார்களாம். ஆபரேஷனில் ரத்தம் நிறையத் தேவைப்பட்டது. கப்பலில் ரத்த வங்கி என்பது ஊழியர்களின் கைகள்தான், அழைப்பு வந்தால் போய்ப் படுக்க வேண்டும். அன்று என் வீட்டுக்காரருடைய ரத்தம் பொருந்தியது. இரண்டு வாரம் கழித்து அந்தத் தம்பி கண்ணாடி கேட்டு வாங்கி, வெகுநேரம் தன் முகத்தைப் பார்த்தான். பிறகு கண்ணாடியை அவரிடம் கொடுத்து "நீயும் பார்" என்று சைகை காட்டினான்.

அடுத்து ஃபிஸ்டுலா பெண்கள். இரண்டு மூன்று நாள் பிரசவ வலியில் கிடந்து, குழந்தையும் இறந்து, உள்ளே புண்ணாகி, சிறுநீர் தானாக ஒழுகிக்கொண்டே இருக்கும். வாடை என்று கணவனே விரட்டிவிடுவான். ஆபரேஷன் முடிந்து குணமானதும் புதுத் துணி உடுத்தி, தலையில் துணி கட்டி, மேளத்தோடு வார்டுக்குள் கூட்டி வருவோம். பாடி ஆடி ஒவ்வொருவராகச் சாட்சி சொல்வார்கள். வருடக்கணக்கில் யாரும் தொடாத பெண்ணை எல்லோரும் கட்டிப்பிடிக்கும் நேரம் அது. நான் ஒருமுறைகூட அழாமல் நின்றதில்லை.

மதம் மாறினால்தான் வைத்தியமா?

இல்லை. முஸ்லிம்கள் வந்தார்கள், பெனினின் பழைய வோடுன் வழிபாட்டினரும் வந்தார்கள். எல்லோருக்கும் இலவசம். நாங்கள் ஜெபித்தோம், பாடினோம். கேட்பதும் கேட்காததும் அவர்கள் விருப்பம்.

கூடலூர் தம்பி: நம் மலையிலேயே வைத்தியம் கிடைக்காதவர்கள் இருக்க, ஆப்பிரிக்கா எதற்கு?

இந்தச் சீட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், தம்பி. நீங்கள் கேட்பது நியாயம். கோத்தகிரியில் டாக்டர் நரசிம்மன் 1958இல் ஆதிவாசிகள் நலச் சங்கத்தைத் தொடங்கினார். உங்கள் கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களே நர்ஸாக வேலை செய்கிறார்கள். கப்பல் பத்து மாதத்தில் போய்விடும், இவர்கள் போகமாட்டார்கள். அந்த விதத்தில் இவர்கள் வேலை பெரிது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தத் தம்பியின் தாடையை அறுக்க அன்று அவன் ஊரில் யாரும் இல்லை. பாதுகாப்பான அறுவைச் சிகிச்சை உலகில் 500 கோடிப் பேருக்குக் கிடைப்பதில்லை என்று 2015இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் கணக்கிட்டது. எங்களுக்கு ஒரு வாசல் திறந்தது, போனோம். திரும்பி வந்ததிலிருந்து வாரம் இரண்டு நாள் கீழ்க் கிராமங்களுக்கு நர்ஸாகப் போகிறேன். அரிவாள் அணுச் சோகை (ரத்த அணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோய்) உள்ள பிள்ளைகளைக் கவனிக்க ஆள் போதவில்லை. நீங்கள் வருவீர்களா?

ஞாயிறு பள்ளிப் பாப்பா: கப்பலில் ஸ்கூல் உண்டா?

உண்டு கண்ணு. டீச்சர்களும் சம்பளம் இல்லாமல்தான் வருவார்கள்.

நர்ஸிங் முடித்த இரண்டு பெண்கள்: நாங்கள் போக என்ன செய்யவேண்டும்?

படித்த உடனே போகமுடியாது. முதலில் இங்கே சர்ஜரி வார்டில் அனுபவம் சேருங்கள், ஆங்கிலத்தில் ரிப்போர்ட் கொடுக்கப் பழகுங்கள், நர்ஸிங் கவுன்சில் பதிவைப் புதுப்பித்து வையுங்கள். நர்ஸ் மட்டும் இல்லை, சமையல்காரர், எலக்ட்ரீஷியன், கணக்கர் எல்லோருக்கும் இடம் உண்டு, உங்கள் அண்ணன்களிடம் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டோடு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் கட்டாயம். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுவார்கள், பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். நாங்கள் கடைசி நேரத்தில் ராத்திரி பஸ் பிடித்து ஓடினோம். நீங்கள் முன்கூட்டியே போய்விடுங்கள். வீட்டுக்கு வந்தால் விண்ணப்பத்தைச் சேர்ந்து நிரப்பலாம், சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் இருப்பேன்.