சைனஸ் தலைவலி: எனக்குக் கைகொடுத்தது உப்புத் தண்ணீர்தான்

மாத்திரை இல்லாமல் சைனஸ் தலைவலியைக் குறைக்க வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் இல்லை. சிங்கப்பூர் ஈசூனில் குடியிருந்து, நாள் முழுக்க ஏசி அறையில் வேலை பார்த்து, பதினோரு வருடமாக என் மூக்கோடு மல்லுக்கட்டுகிறவன். குனிந்து ஷூ மாட்டும்போது கன்னத்துக்குள் ஈயக்குண்டு உருளுவது போல இருக்குமே, அந்த வலி எனக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு உண்மையில் பலன் தந்தது உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது. கால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக, அயோடின் சேர்க்காத உப்பு. ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் எரிச்சல் குறையும். வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டே மேல்பக்க மூக்குத் துவாரத்தில் ஊற்றினால் அடுத்த துவாரம் வழியாகச் சளியோடு வெளியேறும். முதல் நாள் தும்மித் தும்மிக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. உப்பில்லாத வெறும் தண்ணீரை ஊற்றாதீர்கள், சுள்ளென்று எரியும்.

ஒன்று முக்கியம்: சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கிறோமே என்று அதையே மூக்கில் விடக்கூடாது. கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர்தான் வேண்டும். குடித்தால் ஒன்றும் செய்யாத ஒருவகை அமீபா, மூக்கு வழியே ஏறினால் மூளைக்குப் போய்விடும். மிக அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம்.

அடுத்தது ஆவி பிடிப்பது. வீடியோ காலில் அம்மா, "நொச்சி இல்லேன்னா மஞ்சத்தூளாவது போடுடா" என்பார். நொச்சிக்காகத் தேக்கா சந்தை முழுக்க அலைய வேண்டியதில்லை, வெறும் சுடுதண்ணீரே போதும். கொஞ்ச நேரத்துக்கு நிம்மதியாக இருக்கும், அவ்வளவுதான். பாத்திரத்தை மேசைமேல் வையுங்கள், மடியில் வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் செய்யவே வேண்டாம், சுடுதண்ணீர் கொட்டிவிடும்.

கோடாலித் தைலம் இல்லாத தமிழ் வீடு உண்டா? ஊருக்குப் போகும்போது எல்லோரும் கேட்டு வாங்கும் அந்தப் பாட்டில் 1928ல் இந்தச் சிங்கப்பூரில்தான் பிறந்தது. அதிலுள்ள மெந்தால் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் மூக்கு திறந்த மாதிரி தோன்றும், அடைப்பு என்னவோ அப்படியேதான் இருக்கும். இருந்தாலும் நெற்றியில் தடவினால் இதமாகத்தான் இருக்கிறது. மூக்குக்குள் விடாதீர்கள், கைக்குழந்தை பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

சுக்குப் பற்று போட்டுக்கொண்டு ஒருமுறை தூங்கிப்போனேன். மறுநாள் நெற்றியில் செக்கச்செவேலென்று ஒரு பட்டையோடு மீட்டிங்கில் உட்கார்ந்தேன். போட்டால் பத்து நிமிடத்தில் கழுவிவிடுங்கள்.

தூசிப்பூச்சி ஒவ்வாமை இருப்பவர்கள் ஏசி ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள், படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் துவையுங்கள். இந்த ஊர் ஈரப்பதம் அந்தப் பூச்சிகளுக்கு நல்ல விருந்து.

அப்புறம், எனக்கு இத்தனை வருடம் கழித்துத்தான் தெரிந்த விஷயம்: என் தலைவலியில் பாதி சைனஸே இல்லை. பாலிகிளினிக் மருத்துவர், "ஒருபக்கமாக விண் விண் என்று தெறிக்குமா, வெளிச்சம் பிடிக்காதா, குமட்டுமா?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். ஒற்றைத் தலைவலியாம். 2004ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய ஏறக்குறைய 3,000 பேரில் 88 சதவீதம் பேருக்கு ஒற்றைத் தலைவலி வகை அறிகுறிகள்தான் இருந்தன. அந்த மாதிரி நாட்களில் நான் மூக்கைக் கழுவுவதில்லை, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறேன்.

பத்து நாள் தாண்டியும் சளியும் வலியும் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, கடுங்காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, இதில் எது வந்தாலும் கைவைத்தியத்தை அப்படியே விட்டுவிட்டு நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.