வீடு வாங்குபவர்களின் வரி, இன்சூரன்ஸ் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் பழைய வீடோ ஃபிளாட்டோ வாங்குகிறவர்களிடமிருந்து. பத்திரப்பதிவு நெருங்கிவிட்டவர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பெரம்பூரில் பழைய ஃபிளாட் ஒன்று பேசி முடித்திருக்கிறோம். வில்லங்கச் சான்றிதழ் பார்த்தாகிவிட்டது, சொத்து வரிப் பாக்கி இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்தானே?

தெரியாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான விற்பனை, அடமானம் போன்றவைதான் வில்லங்கச் சான்றிதழில் வரும், மாநகராட்சிக்குக் கட்ட வேண்டிய பாக்கி அதில் ஏறாது. ஆனால் அந்தப் பாக்கி விற்றவரோடு போய்விடுவதில்லை, வீட்டின் மேலேயே நிற்கும், நோட்டீஸ் கடைசியில் உங்களைத் தேடித்தான் வரும். விற்பவரிடம் சொத்து வரி எண்ணை வாங்கி மாநகராட்சி இணையதளத்தில் நீங்களே பாருங்கள். அவர் காட்டும் ஒரு ரசீதை மட்டும் நம்பாதீர்கள், நடுவில் இரண்டு அரையாண்டு விட்டுப்போயிருந்தால் அந்த ரசீது அதைச் சொல்லாது. குடிநீர் வாரியத்தின் வரியும் கட்டணமும் தனிக் கணக்கு, அதையும் பாருங்கள், அசோசியேஷனிடம் மெயின்டனன்ஸ் பாக்கி இல்லை என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, பலர் பார்க்காமல் விடுவது: வரிக் கணக்கில் எத்தனை சதுர அடி என்று போட்டிருக்கிறார்கள்? பால்கனியை அடைத்து அறையாக்கியிருந்தாலோ மேலே ஒரு தளம் எழுப்பியிருந்தாலோ, மறுபடி அளக்கும்போது கூடுதல் வரி உங்கள் தலையில் விழும். பாக்கி இருந்தால் பதிவுக்கு முன்பே விற்பவர் கட்ட வேண்டும், இல்லையா, விலையில் கழித்துக்கொள்ளுங்கள். ‘அப்புறம் கட்டித் தருகிறேன்’ என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள்.

வரி ரசீதில் என் பெயர் வந்துவிட்டது. இனி வீடு என்னுடையது என்பதற்கு அதுவே போதுமா?

போதாது. வரி ரசீது வரி கட்டியதற்குத்தான் சான்று, உரிமைக்கு அல்ல. கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள், பட்டா இவைதான் பேசும்.

50 லட்சம் வீட்டுக் கடன் கேட்டிருக்கிறோம். இன்சூரன்ஸ் எடுத்தால்தான் கடன் என்று சொல்லி, 2 லட்ச ரூபாய் பிரீமியத்தைக் கடனோடு சேர்க்கிறார்கள். கட்டாயமா?

முதலில் அது எந்த இன்சூரன்ஸ் என்று கேளுங்கள். கட்டடத்துக்கு எடுப்பது வேறு, கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடனை அடைக்கிற ஆயுள் காப்பீடு வேறு. அடமானத்தில் இருக்கும் கட்டடத்துக்குக் காப்பீடு இருக்க வேண்டும் என்று வங்கி கேட்பதில் நியாயம் உண்டு, அதற்குப் பிரீமியமும் குறைவு. 2 லட்சம் என்றால் அது பெரும்பாலும் இரண்டாவது வகைதான். அதை வங்கி சொல்லும் நிறுவனத்திலேயே எடுத்தாக வேண்டும் என்ற சட்டம் எதுவும் கிடையாது.

கணக்கைப் பாருங்கள். 8.5 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால் இந்த 2 லட்சத்துக்கு மட்டும் மாதம் சுமார் 1,735 ரூபாய், முடிவில் 4 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள், இத்தனைக்கும் கடன் குறையக் குறையக் காப்பீட்டுத் தொகையும் குறைந்துகொண்டே வரும். உடல்நிலை நன்றாக இருக்கிற, வயது குறைந்த ஒருவர் அதே 50 லட்சத்துக்குத் தனியாக டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுப்பது பெரும்பாலும் மலிவு, பணமும் குடும்பத்தின் கைக்குப் போகும், கடனை வேறு வங்கிக்கு மாற்றினாலும் பாலிசி அப்படியே இருக்கும். ‘கட்டாயம்’ என்பதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுத்தில் கேட்டவுடனே பலருக்குப் பேச்சு மாறிவிடுகிறது. ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள் பாலிசியில் ‘ஃப்ரீ லுக்’ பகுதியை உடனே படியுங்கள், அந்த அவகாசத்துக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் சிறு கழிவு போகப் பணம் திரும்பும்.

வேளச்சேரியில் தரைத்தள ஃபிளாட், விலை 80 லட்சம். வெள்ளத்துக்கு இன்சூரன்ஸ் உண்டா? 80 லட்சத்துக்கு எடுக்க வேண்டுமா? விற்பவரிடம் ஏற்கெனவே ஒரு பாலிசி இருக்கிறது.

2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் இந்தக் கேள்வியைப் பதிவுக்கு முன்பே கேட்டது மிக நல்லது. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தரும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் தீ, புயல், நிலநடுக்கத்தோடு வெள்ளமும் அடங்கும். 80 லட்சத்துக்கு எடுக்கத் தேவையில்லை, நிலத்தை வெள்ளம் கொண்டுபோகாது. திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு: 1,000 சதுர அடிக்கு, அடிக்கு 2,500 என்று வைத்தால் 25 லட்சம். வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகவே சேரும். நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். வெள்ளம் மாதிரி ஒரு சம்பவத்தையடுத்து 7 நாட்களுக்குள் நடந்த திருட்டுக்குத்தான் இதில் பணம் கிடைக்கும், சாதாரணத் திருட்டுக்கு வேறு பாலிசி.

விற்பவரின் பாலிசியை நம்பாதீர்கள். வரிப் பாக்கி வீட்டோடு வரும், காப்பீடு அப்படி வராது. பதிவு நாளிலிருந்தே உங்கள் பெயரில் ஒன்று இருக்கட்டும்.

62 லட்சத்துக்கு நானும் மனைவியும் பாதிப் பாதியாக வாங்குகிறோம். ஆளுக்கு 31 லட்சம்தானே, டிடிஎஸ் (விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் வருமான வரி பிடிப்பது) தேவையில்லை என்கிறார் தரகர்.

தேவை. மொத்த மதிப்பு 50 லட்சத்தைத் தொட்டாலே 1 சதவீதம் பிடிக்க வேண்டும், எத்தனை பேர் சேர்ந்து வாங்கினாலும் சரி, 2024 அக்டோபரிலிருந்து இது சட்டத்திலேயே தெளிவாக இருக்கிறது. மொத்தம் 62,000 ரூபாயை விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் பிடித்து, உங்கள் இருவர் பங்கையும் அவரவர் பான் எண்ணில் கட்டுங்கள். பிடித்த மாதம் முடிந்து 30 நாள் அவகாசம். விற்பவர் வெளிநாட்டுவாழ் இந்தியர் என்றால் விகிதம் இதைவிட மிக அதிகம், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

சொத்து வரியை முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி உண்டா?

உண்டு. சென்னையில் ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். பெயர் மாற்றம் இன்னும் முடியவில்லையே என்று காத்திருக்காதீர்கள், பழைய பெயரிலேயே கட்டலாம்.